குடைப் படத்தின் கடைசிக் காட்சி

மாணவியர் விடுதி
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? மூச்சு இந்த மாதம் தொந்தரவு செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், அதைக் கேட்டு ஒரு பத்தியை வீணாக்காதே.

டிசம்பர் இரண்டாம் வாரம் தேர்வு முடிகிறது. மண் பரிசோதனை லேபில் சலித்துச் சலித்து என் நகத்துக்குள் எப்போதும் ஒரு வயல் இருக்கிறது. பிறகு நான்கு வாரம் விடுமுறை. சித்தப்பா இப்போதே அறிவித்துவிட்டார்: சுவர் அளவுக்கு ஒரு டிவி வாங்கியிருக்கிறாராம், தினமும் மாலை சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவர் வீட்டில்தானாம். பழைய படங்களையெல்லாம் இப்போது புது நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்துத் தள்ளுகிறார்களே, அவற்றை வரிசையாகப் போடப் போகிறார். நம் குடைப் படமும் உண்டு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூச்சிரைப்பைக் காரணம் சொல்லி என்னைப் பதினைந்து வயது வரை ஒரு தியேட்டருக்குள்ளும் விடவில்லை. நீ சித்தப்பாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னவைதான் என் படங்கள். ரயில் வந்தால் தொடையில் தட்டுவாய். பாதியில் நிறுத்தி, "இன்டர்வெல்" என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பாய். வளர்ந்த பிறகும் அவற்றை நான் தேடிப் பார்க்கவில்லை. நீ சொன்னதே போதும் என்று விட்டுவிட்டேன்.

நீயும் வா. பிப்ரவரி கடைசியில் அப்பா ஓய்வு பெறுகிறார், அதற்கு எப்படியும் வருவாய். இதற்கும் வா. ஆகஸ்டிலிருந்து போனில் நீ 'ம்'முக்கு மேல் பேசுவதில்லை. கடிதத்தில்தான் வாய் திறக்கிறாய். அதனால் கடிதத்திலேயே கேட்கிறேன்.

உன் விசில்


டிசம்பர் 1

என் விசிலுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். உன் நெஞ்சு விசில் அடிக்கவில்லை என்றால் உனக்கு வைத்த பெயரை என்ன செய்வது? வேறு பெயர் யோசிக்கிறேன்.

விடுமுறைக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதே. உன் அத்தான் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருக்கிறார். அது நான்காம் மாடிக்கு மேல் போக மறுக்கிறது. மேலே ஏதோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று இவர் சொல்கிறார். சாப்பிடும்போதுகூடக் கையை மேலும் கீழும் ஆட்டிக் கணக்குப் போடுகிறார்.

எங்கள் மாடி வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேனா? தனி ஆள், கோபக்காரி. சாயங்காலம் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டதும் தடியால் தரையில் மூன்று தட்டு தட்டுவார். டீ தயார், மேலே வா என்று அர்த்தம். போகாவிட்டால் மறுபடியும் மூன்று. தடியின் நுனியில் ரப்பர் கழன்றுவிட்டது, அதனால் கூரையே இடிவது போலிருக்கும். அவர் இருக்கும் வரை தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனிமேல் கடை முகவரிக்கே எழுது. எங்கள் தெருவுக்கு வந்திருக்கும் புதுத் தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் எதிர்வீட்டில் போட்டுவிட்டுப் போகிறார்.

அப்பா கேட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். கேட்காவிட்டாலும் சொல்.

முத்தங்களுடன்,
அக்கா


வீடு
டிசம்பர் 16

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம், அதாவது எல்லோருக்கும் தொண்டை நன்றாக இருக்கிறது. சித்தப்பா வீட்டு ஹாலில் இருபது பேர். நான் செருப்பு வைக்கும் இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். விசாரணை அத்தை வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார்.

"உங்க அக்கா ஏன் வரலை?"

"அத்தானுக்கு வேலை, அத்தை. ஆஸ்பத்திரி லிஃப்ட்."

"லிஃப்டு அவர் பார்க்கட்டும். இவ ஏன் வரலை? இவளைக் கயிறு கட்டியா மேல இழுக்கறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா செய்தித்தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். உன் கல்யாணத்தன்று பதிவு அலுவலகப் படியில் அப்பா உன்னிடம் சொன்னபோது உன் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். "இஷ்டப்பட்டுத் தேடிக்கிட்டே. நல்லா இரு. கண்ணைக் கசக்கிக்கிட்டு மட்டும் என் வாசல்ல வந்து நிக்காதே." அதை அவர் மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். உன் பெயர் வரும்போது தாளை அவர் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் மறந்ததாகத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று குடைப் படம். பாழாக்கிவிட்டார்கள், அக்கா! நீ சொன்ன கடைசிக் காட்சி உனக்கு நினைவிருக்கும். குடை தைக்கிறவள் மழையில் படகுத் துறையில் காத்திருக்கிறாள், எல்லோரும் இறங்கிப் போன பிறகு அவள் புருஷன் கடைசியாக இறங்குகிறான், ஒரே குடையில் இருவரும் பாலத்தில் நடக்கிறார்கள். இவர்கள் எடுத்திருப்பதில் அவன் வருவதே இல்லை. படகுக்காரன் பலகையை உருவிக்கொள்கிறான். அவள் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே போகிறாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. நல்ல படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு முடிவை யாருக்கு வைக்கத் தோன்றும்?

கொதிப்புடன்,
விசில்


டிசம்பர் 22

என் விசிலுக்கு,

சுகம். உன் கொதிப்பு கடிதத்தின் உறையிலேயே சுட்டது.

இப்போது எடுக்கிறவர்களுக்கு யாரும் வீடு வந்து சேரக்கூடாது. அழுதுகொண்டு வெளியே போனால்தான் நல்ல படம் என்று நினைக்கிறார்கள். நீ அதைக் கணக்கில் வைக்காதே. அவன் வந்தான். சட்டைப் பையில் அவளுக்காக ஒரு நூல்கண்டுகூட வைத்திருந்தான், அதைச் சொன்னேனா?

கடையில் ஆண்டு முடிவுத் தள்ளுபடி. ஒரு பெரியவர் நாற்பது பிரேம் போட்டுப் பார்த்துவிட்டு, "முகம்தான் சரியில்லை" என்று எழுந்து போனார். மாடி வீட்டு அம்மாவிடம் சொன்னேன். டீ புரையேறும் வரை சிரித்தார்.

அத்தைக்குப் பதில் சொல்லிச் சொல்லி உன் மூச்சைச் செலவழிக்காதே.

அக்கா


வீடு
டிசம்பர் 27

அன்புள்ள அக்கா,

நலமே. நீங்கள் மூவரும் நலமா? மாடி வீட்டு அம்மாவையும் சேர்த்துக்கொண்டேன்.

உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

நேற்று அண்ணன் தம்பி படம். தம்பி மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். நீ சொன்னதில் அண்ணன் கதவைத் திறந்து துண்டால் அவன் தலையைத் துவட்டுவான். இதில் உள்ளே விளக்கை அணைத்துவிடுகிறான். நான், "இதையும் மாத்திட்டாங்க!" என்று கத்திவிட்டேன்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "எங்க மாத்தினான்? மாத்தியிருந்தாத்தான் பரவாயில்லையே! ஒரு ஈ விடாம அடிச்சு வெச்சிருக்கான். பழசுலயும் இதேதான்."

"குடைப் படத்துல?"

"அவன் எங்க வந்தான்? செத்துப்போயிட்டான்னுகூடச் சொல்ல மாட்டாங்க. வரமாட்டான், அவ்ளோதான்."

நான் விழிப்பதைப் பார்த்து அவர் டிவியை நிறுத்திவிட்டார். பிறகு சொன்னார்: "அந்தப் படத்துக்கு உங்க அக்கா வழி பூரா அழுதா. பன்னெண்டு வயசு இருக்கும். வாசலுக்கு வந்ததும், 'சித்தப்பா, நில்லுங்க'ன்னா. வெளிப் பைப்பைத் திறந்து மூஞ்சியை நல்லாக் கழுவிட்டு, என் சட்டையிலயே துடைச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே உள்ள ஓடினா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். என் சட்டை அதுக்குன்னே இருந்துச்சு."

அப்பா தாள் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் ரொம்ப நேரம் பக்கம் திருப்பவில்லை.

எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாய், அக்கா! எத்தனை பேரை வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய்! எனக்கு மூச்சு முட்டக்கூடாது என்றுதானே? நான் நேற்று படுத்துக்கொண்டு அவர்களை எல்லாம் ஒவ்வொருவராக இழந்தேன். உன்மேல் கோபமில்லை. கோபம் மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது, பெயர் தெரியவில்லை.

உன் விசில்


ஜனவரி 3

என் விசிலுக்கு,

நாங்கள் நலம். புது வருடத்தில் உன் மூச்சு சீராக ஓடட்டும்.

சித்தப்பாவுக்கு ஞாபகசக்தி இந்த வயதில் தேவையில்லாதது. ஆமாம், மாற்றினேன். நீ அப்போது அழுதால் நீலமாகிவிடுவாய். அம்மா டாக்டரிடம் ஓடுவாள். ஒரு ஆளை உயிரோடு கொண்டுவருவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அவ்வளவுதான். இதில் பெருமையும் இல்லை, குற்றமும் இல்லை. வேறு பேசலாம்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் ஐந்தாம் மாடியைத் தொட்டுவிட்டது. அன்று உன் அத்தான் இனிப்பு வாங்கி வந்தார். மாடி வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை கூடாது, ஆனாலும் ஒளித்துச் சாப்பிட்டார். விடுமுறை முடியப் போகிறதே, நன்றாகத் தூங்கு.

அக்கா


வீடு
ஜனவரி 6

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்.

நாளை விடுதிக்குத் திரும்புகிறேன். நேற்றுதான் கடைசிப் படம். இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை. ஒரு பெண், புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தெரியாத ஊரில் கீழ் வீடு ஒன்றில் தனியாக இருக்கிறாள். மாடியில் ஒரு கோபக்கார அம்மா. புதுப் படத்தில் அந்த அம்மா டீ போட்டுவிட்டு மிஸ்டு கால் கொடுக்கிறார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"மிஸ்டு காலாம்! விளங்குமா? பழசுல அந்தம்மா தடியால தரையில மூணு தட்டு தட்டும். டீ ரெடின்னு அர்த்தம். தடி நுனியில ரப்பர் வேற இருக்காது, தியேட்டரே அதிரும். உங்க அக்கா இந்த ஒரு படத்துக்கு மட்டும் மூணு தடவை கூட்டிட்டுப் போகச் சொன்னா."

அத்தை, "ஏன்டி முகம் வெளிறிப்போச்சு, இன்ஹேலர் எடுத்து வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன்.

வேறொன்றுமில்லை. உன் மாடி வீட்டு அம்மா எப்படி இருக்கிறார்? அவருடைய தடிக்குப் புது ரப்பர் மாட்டியாயிற்றா?

பதில் எழுது.

விசில்


பிப்ரவரி 11

விசிலுக்கு,

நலம். உனக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை.

மாடி வீட்டு அம்மா வீடு மாறிப் போய்விட்டார்.

அப்பாவின் ஓய்வு விழாவுக்கு வர இயலாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

அக்கா


வீடு
மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

விழா முடிந்தது. அலுவலகத்தில் அப்பாவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ஜோடி ஜோடியாகப் படம் எடுத்தார்கள். விசாரணை அத்தை இலக்கு வைத்துக் காத்திருந்தார்.

"பெத்த அப்பன் ரிட்டயர் ஆகறான், பெரியவ எங்க?"

நான் சொன்னேன். நீ ஏன் வரவில்லை என்று ஒரு முழுக் கதை. கடையில் உனக்குப் பதவி உயர்வு, பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அத்தான் ஆஸ்பத்திரி லிஃப்டில் ராத்திரி பகலாக...

"இன்னுமா அந்த லிஃப்டு மேல போகலை? அதுக்குள்ள நோயாளியே குணமாகி நடந்து இறங்கியிருப்பானே!"

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா புதுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை எடுத்தேன். என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அவ சொன்னா இல்லாத ஆளுகூட வந்து நிப்பான். உனக்கு அது வரலை."

உன் ரயிலும் இன்டர்வெல்லும் அவருக்கும் கேட்டிருக்கின்றன, அக்கா. நம் அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது என்று நாம் நினைத்திருந்தோம்.

நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நீ எழுதுவதை எழுது. எந்த மாற்றமும் செய்யாமல் எழுது. எனக்கு இப்போது இருபது வயது, நீலமாக மாட்டேன்.

உன் விசில்


மார்ச் 14

விசிலுக்கு,

நலம் பற்றிப் பிறகு.

குடைப் படத்தின் கடைசிக் காட்சியைச் சரியாகச் சொல்கிறேன், கேள்.

மழை. படகு வருகிறது. முதலில் கூடைக்காரிகள் இறங்குகிறார்கள். பிறகு குழந்தையோடு ஒரு தம்பதி. பிறகு ஒரு சிப்பாய். அவள் ஒவ்வொரு முகத்துக்கும் குடையைக் கொஞ்சம் உயர்த்துகிறாள். படகுக்காரன் அவளைப் பார்க்காமலே பலகையை உருவுகிறான். தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நான் நாற்காலியை விடவில்லை. எப்படியும் வருவான் என்று திரை வெள்ளையாகும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஆகஸ்டில் போனார். வேலைக்கு என்று பக்கத்து ஊருக்குப் போனவர் அங்கேயே ஒரு வீடு எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் வேறொருத்தி இருக்கிறாள். எனக்கு அதைச் சொன்னது ஒரு கடிதம்கூட இல்லை, அவருடன் வேலை பார்க்கும் ஆள் கண்ணாடி மாற்ற வந்தபோது, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசிவிட்டார். நான் அவர் மூக்கின் மேல் பிரேமைச் சரிசெய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டு, "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை. இதற்கு மேல் மாடி கிடையாது, தகரம்தான். மழை வந்தால் தட்டும். மூன்றோடு நிற்காது.

நான் அங்கே வர முடியாது. அப்பா சொன்னதை நீயும் கேட்டாய். முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வரலாம் என்று ஒவ்வொரு மாதமும் கிளம்பிப் பார்த்தேன். இப்போதெல்லாம் கழுவினாலும் போவதில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

அக்கா


வீடு
மார்ச் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை விடுதியில் படித்தேன். இன்ஹேலர் தேவைப்பட்டது, ஆனால் நீலமாகவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. அத்தான் போய்விட்டார் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அம்மாவிடம் இல்லை. என்னை மன்னிக்க வேண்டாம்.

அவர் "சரி" என்றார். சாப்பிட்டார், படுத்தார். எனக்கு அழுகையாக வந்தது, உனக்கு இதை எப்படி எழுதுவது என்று.

இன்று காலை ஒரு ப்ளம்பரைக் கூட்டிவந்தார். சித்தப்பா சொன்ன அந்த வாசல் பைப்பை எடுத்துவிட்டு அடைத்துவிடச் சொன்னார். அம்மா வெளியே வந்து, "எதுக்குங்க இப்ப அதை எடுக்கறீங்க?" என்றாள்.

"ஒழுகுது."

"எங்க ஒழுகுது?"

"ஒழுகும்."

ப்ளம்பர் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்றார்.

"அடைங்க. வெளிய எதுக்குத் தண்ணி? உள்ள இருக்கு."

அடைத்தாயிற்று. சுவரில் ஒரு சின்ன இரும்பு மூடி மட்டும் தெரிகிறது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

அந்தப் பைப் ஒரு நாளும் ஒழுகியதில்லை, அக்கா.

இதை உனக்கு எழுதும்படி அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான், நான் எதையும் சேர்க்கவில்லை. எனக்கு அது வராது என்று உனக்கே தெரியும்.

வண்டி நேரத்தை மட்டும் எழுது.

விசில்


ஏப்ரல் 2

அன்புள்ள விசிலுக்கு,

நான் நலமில்லை.

ஞாயிறு காலை வண்டி. ஒரு பெட்டி, ஒரு பை. ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. வழியில் நான் எதையாவது மாற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்திவிடு, பழக்கம் சீக்கிரம் விடாது.

வாசலில் அப்பா எப்படி இருப்பார் என்று சில நாளாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு முறை சாய்வு நாற்காலியில் இருக்கிறார், ஒரு முறை கடிகாரத்துக்குக் கீழே, ஒரு முறை மூடிய பைப்புக்குப் பக்கத்தில். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் எழுந்து வந்து பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்கிறார்.

அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அக்கா